நடுவில் நிற்க மறுத்த மேஸ்திரி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். சென்ற வருஷம் பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் என் காதுகள் ஆறவே இல்லை. காரணம் ஒரு மென்பொருள் என்று சொன்னபோது வீட்டில் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் இன்னும் கொஞ்சம் சூடானது.

மரக்காணம் உப்பளத்தில், பாத்திகள் தொடங்கும் இடத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை ஒன்று இருக்கிறது. அதுதான் எங்கள் சைட் ஆபீஸ். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கிறீச் கிறீச்சென்று சுற்றும் ஒரு ஃபேன், அப்புறம் நான். மேனேஜருக்குத் தனி மேஜை உண்டு. அவர் வாரத்தில் பாதி நாள் பாண்டிச்சேரியில்தான் இருப்பார். நான் பிரம்மதேசத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். பி.காம். படித்துவிட்டு வருகைப் பதிவு, லாரி சீட்டு, ஹெட் ஆபீஸ் கேட்கும் நூறு தகவல்கள் என்று எதையாவது தட்டிக்கொண்டே இருப்பேன்.

சென்னையில் இருக்கும் எங்கள் ஹெட் ஆபீஸ் அந்த வருஷம் ஒரு விக்கி கொண்டுவந்தது. கம்பெனி ஆட்கள் மட்டும் திறந்து பார்க்கக்கூடிய பக்கங்கள். ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு பக்கம். யார் என்ன வேலை செய்கிறார்கள், எந்தப் பாத்தியில் எப்போது உப்பு வாருவது, லாரி எத்தனை மணிக்கு வரும் என்பதையெல்லாம் நாங்கள் அதில் எழுத வேண்டும், வேண்டியவர்கள் படித்துக்கொள்வார்கள். பக்கத்தின் உச்சியில் ஹெடர் என்று ஒரு படம் கட்டாயம். அதில் சைட்டில் வேலை செய்கிறவர்கள் தெரிய வேண்டும். எங்கள் பத்தாயிரம் வேலைகளுக்கு நடுவே இதுவும் வந்து சேர்ந்தது.

சரி, படம்தானே என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். உப்பு தூக்கும் பெண்கள் பதினான்கு பேர் அன்றைய வேலையை முடித்துவிட்டு வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். அப்படியே நில்லுங்கள் என்றேன். நடந்து வந்த வரிசையிலேயே, தலையில் கூடையோடு, என் பக்கம் திரும்பி நின்றார்கள். லாரி எடை போடும் அண்ணன் சீட்டு வாங்க அந்தப் பக்கமாக வந்தவர், நீயும் வாய்யா என்று யாரோ கூப்பிட்டதும் கூச்சத்தோடு நடுவில் போய் நின்றார். அவர் தலையில் எப்போதும் ஒரு நீலத் தொப்பி இருக்கும். வெயிலுக்குப் போட்டது, அதில் வேறு பெருமை எதுவும் இல்லை.

வரிசையின் கடைசியில் அக்கா நின்றார். பதினான்கு பேரையும் நடத்துகிற மேஸ்திரி அவர்தான். எந்தப் பாத்தியில் உப்பு திரண்டிருக்கிறது, எப்போது வாரலாம், எந்த வரப்பு வழுக்கும், யாருக்கு உடம்பு சரியில்லை, இதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் கம்பெனிப் பேப்பரில் அவர் மேஸ்திரி இல்லை. பதினான்கு கூலிப் பெண்களில் ஒருவர், அவ்வளவுதான். மேனேஜர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார், கோபம் இல்லாத நாட்களில்.

படத்தை ஏற்றினேன். கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால், அது ஒரு நீள ரிப்பன் மாதிரி படத்தின் நடுப்பட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மேலும் கீழும் வெட்டியிருந்தது. பதினான்கு பேருக்கும் தலை இல்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை வரிசையாகச் சேலைகள். துணிக்கடை விளம்பரம்கூட இதைவிட நன்றாக இருக்கும். போனில் திறந்தேன். அங்கே தலைகள் இருந்தன. ஆனால் இரண்டு பக்கமும் வெட்டி, நடுவில் நான்கு பேரை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. நான்கு பேரில் ஒருவர் தொப்பி அண்ணன். அக்காவின் முகம் எதிலும் இல்லை.

அப்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதை நாளைக்குச் சரி செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

அந்த வாரமே ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொரு சைட்டிலும் கூலியாட்களை நடத்துகிற ஒருவரைச் சூப்பர்வைசராக வேலைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம். அடையாள அட்டை, இ.எஸ்.ஐ., எல்லாம் உண்டு. அந்தக் கடிதத்தில் நான் மூன்று தடவை படித்த வரி ஒன்று இருந்தது: ஆபத்து என்று பட்டால் யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு உண்டு.

அந்த வரி எனக்கு ஏன் அப்படி உறைத்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தின புரட்டாசியில், மழைக்கு முன்னால் உப்பை லாரியில் ஏற்றிவிட வேண்டும் என்று மத்தியானமும் வேலை நடந்தது. கழுவெளி ஏரிப் பக்கம் வானம் கறுத்து இடி உருட்டியது. உப்பளம் வெட்டவெளி. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. நிற்கிற ஆள்தான் அங்கே உயரம். அக்கா மேனேஜருக்குப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை போடாமல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் வந்துவிட்டார். அன்றைக்கு இரண்டு லாரி காலியாகத் திரும்பிப் போனது. என்னைக் கேட்காமல் வேலையை நிறுத்த நீ யார் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார். ஒரு வாரம் அக்காவுக்கு வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டார். அக்கா சும்மாட்டுத் துணியை உதறி மடித்துக்கொண்டு போனார். நான் கம்ப்யூட்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

அதனால் கடிதத்தைப் படித்ததும், இது அக்காவுக்கு என்றே எழுதினது என்று தோன்றியது. நீ யார் என்று இனிமேல் யாரும் கேட்க முடியாது. ஒருவர் பெயரை மேனேஜர் எழுதி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அவர் எழுதவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று நாளைத் தள்ளினார்.

பத்து நாள் கழித்து ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி அம்மா போன் செய்தார். நல்ல குரல், நல்ல மரியாதை. மேனேஜர் இல்லாததால் நான் பேசினேன். எல்லா சைட் பக்கங்களையும் போனிலும் பெரிய திரையிலும் பார்த்து, சூப்பர்வைசர் வேலைக்கு ஒரு பட்டியல் தயார் செய்துவிட்டதாகச் சொன்னார்.

"அந்தத் தொப்பி போட்டுக்கிட்டு நடுவுல நிக்கிறாரே, அவர்தானே உங்க மேஸ்திரி? ஆளு பார்க்கவே நல்லா இருக்காரு."

"இல்லீங்க மேடம். அவரு லாரி எடை போடுறவரு. மேஸ்திரி கடைசியில நிக்கிறாங்க."

"எந்தக் கடைசி? போன்ல பார்த்தா நாலு பேர்தான் இருக்காங்க. சிஸ்டத்துல பார்த்தா யாருக்கும் மூஞ்சியே இல்லையேம்மா."

கீழே அக்காவின் பெயரை எழுதியிருக்கிறேன், படித்துப் பாருங்கள் என்றேன். எழுத்தையெல்லாம் சூப்பர்வைசரை முடிவு செய்கிற கமிட்டியில் யார் உட்கார்ந்து படிப்பார்கள் என்று அவர் உண்மையைச் சொன்னார். மாதக் கடைசியில் கமிட்டி கூடுகிறது, அதற்குள் படத்தைச் சரி செய்து வையுங்கள், மேனேஜரையும் ஒரு வார்த்தை கேட்கிறேன் என்று வைத்துவிட்டார். மேனேஜரிடம் சொன்னேன். அவர் டீயை ஊதிக்கொண்டே, அவங்களே முடிவு பண்ணிட்டாங்கன்னா நமக்கு என்ன என்றார். என் காது அப்போதுதான் சூடாக ஆரம்பித்தது. ஒரு படம் தப்பாக வெட்டுப்பட்டது, அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

அன்றிலிருந்து நானும் அந்த ஹெடரும் மல்லுக்கு நின்றோம். படத்தை நீளமாக வெட்டிப் போட்டேன். கம்ப்யூட்டரில் சரியாக வந்தது, போனில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். சதுரமாகப் போட்டேன், போனில் வந்தது, கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் மூக்குக்கு மேல் காணோம். சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு ஆட்களைச் சின்னதாக நடுவில் வைத்தேன். இரண்டிலும் வந்தது, ஆனால் சர்க்கரையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. படத்தை மேலே கீழே நகர்த்த ஒரு வழி இருக்கிறதா என்று அந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். எழுத்தின் நிறத்தை மாற்றலாம். பக்கத்துக்கு ஒரு சிரிக்கும் பொம்மை ஒட்டலாம். படத்தை அரை விரல் நகர்த்த மட்டும் வழி கிடையாது.

உதவி கேட்டு ஹெட் ஆபீஸின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரு டிக்கெட், அதாவது ஒரு புகார், போட்டேன். "படத்தின் முக்கியமான பகுதியை நடுவில் வைக்கவும்" என்று பதில் வந்தது, டிக்கெட்டை மூடிவிட்டார்கள். எங்கள் படத்தில் முக்கியமானவர் கடைசியில் நிற்கிறார் என்று எழுதி மறுபடி திறந்தேன். மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று எழுதி மறுபடி மூடினார்கள். சரியாக வேலை செய்கிற மென்பொருள் பதினான்கு பெண்களின் தலையை ஏன் வெட்டுகிறது என்று கேட்டு மூன்றாவது தடவை திறந்தேன். இந்த முறை அந்தப் பிரிவிலிருந்து ஒருவரே போன் செய்தார். பாவம், நல்ல மனிதர். மேடம், அந்த ஒருத்தரைக் கொஞ்சம் நடுவில் நிற்கச் சொல்லி இன்னொரு படம் எடுத்தால் முடிந்ததே, இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்டார். பார்க்கிறேன் என்று போனை வைத்தேன்.

அதற்கு மறுநாள் காலை பக்கத்தைத் திறந்தால் எங்கள் படமே இல்லை. ஹெட் ஆபீஸில் யாரோ அதை எடுத்துவிட்டு, இணையத்திலிருந்து ஒரு உப்பளத்தைப் போட்டிருந்தார்கள். பளிச்சென்ற வெள்ளைத் தரை, பின்னால் பனி மூடிய மலை. மரக்காணத்தில் மலை! எங்கள் ஊரில் மலை என்று காட்டுவதற்கு உப்பைக் குவித்து வைத்த அம்பாரம் ஒன்றுதான் உண்டு. அந்த மலையை அழித்துவிட்டு, தலையில்லாத எங்கள் பெண்களையே மறுபடி ஏற்றினேன். தலை இல்லாவிட்டாலும் அது எங்கள் ஊர் உடம்பு. சாயங்காலம் மறுபடி மலை வந்தது. மறுநாள் காலை மறுபடி அழித்தேன். இப்படி நான்கு நாள். ஐந்தாம் நாள் மேனேஜர் கூப்பிட்டு, இந்த வேலை உனக்கு வேண்டுமா வேண்டாமா என்றார். வேண்டும் என்றேன். எங்கள் படத்தையும் நீக்க மாட்டேன் என்றேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

கமிட்டிக்கு எட்டு நாள் இருந்தது. அந்தச் சென்னைக்காரர் சொன்னதையே செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். விடிந்து கொஞ்ச நேரத்தில் வரப்புக்குப் போனேன். அக்கா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வேலை என்ன, அதிகாரம் என்ன, கமிட்டி என்ன, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நிறுத்தும் அதிகாரம் பற்றிய வரியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அது நல்லா இருக்குது" என்றார். அப்புறம், ஒரே ஒரு நிமிஷம் நடுவில் வந்து நில்லுங்கள் அக்கா என்றேன்.

"நான் நடுவுல வந்துட்டா கடைசியில யாரு நிப்பா?"

யாராவது நிற்கட்டும், படத்துக்குத்தானே என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. எனக்கு எதுவும் தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்த மாதிரி பார்த்தார்.

"தலையில பாரத்த வெச்சிக்கினு நடக்கறப்ப திரும்பிப் பாக்க முடியாதும்மா. ஒருத்தி வழுக்கி வுழுந்தா பின்னாடி வர்றவதான் பாக்கணும். கடைசியா வர்றவ வுழுந்தா யாரும் பாக்க மாட்டாங்க. அவங்கபாட்டுக்குப் போயிக்கினே இருப்பாங்க. அந்த எடத்துல நான் வேற யாரையும் நிக்க வெச்சதில்ல. போட்டோவுக்குன்னு ஒரு நாளு நிக்க வெச்சிட்டா, அப்புறம் எனக்கு மேலுக்கு முடியாத அன்னிக்கும் நீயே கடைசியில வாடின்னு சொல்லத் தோணிடும் எனக்கு."

இந்த வேலை உங்களுக்கு வேண்டாமா என்று நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். வேண்டும் என்றார், என்னைவிடச் சத்தமாக. "வேணும். ஆனா அதுக்கு நான் எடத்த மாத்திக்கினு நிக்க மாட்டேன். நான் எங்க நிக்கறனோ அங்க வந்து அவங்க பாக்கட்டும்." எழுந்து, சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு முதலில் அழுகை வந்தது. உங்களுக்காகத்தானே நாய் மாதிரி சண்டை போடுகிறேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆபீஸ் படியில் உட்கார்ந்து ஆத்திரம் தணிகிறவரை அவர்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷமாக அங்கே வேலை செய்கிறேன். வரப்பின் அந்தக் கோடிவரை ஒரு நாள்கூட நடந்ததில்லை. அவர்கள் வருவதை எப்போதும் எதிரில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். எதிரில் நின்று பார்த்தால் முதலில் வருகிறவள்தான் பெரிதாகத் தெரிவாள். கடைசியில் வருகிறவர் புள்ளியாகத் தெரிவார். மென்பொருளைத் திட்டினேனே, நானும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். அந்த மென்பொருள் அவரை ஒரு முறை வெட்டியது. நடுவில் வந்து நில்லுங்கள் என்று கேட்டு நான் இன்னொரு முறை வெட்டப் பார்த்தேன். அந்த வெட்கத்தை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன். செருப்பை ஆபீஸ் வாசலில் விட்டுவிட்டு, அவர்கள் உப்பைத் தூக்கிக்கொண்டு அம்பாரத்துக்குக் கிளம்பியதும் பின்னாலேயே வரப்பில் ஏறினேன். வரப்பு ஒரு முழம் அகலம்கூட இருக்காது. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். நாலு அடி வைப்பதற்குள் இரண்டு தடவை வழுக்கினேன். அக்காவுக்குச் சத்தம் கேட்டது, திரும்ப முடியாது.

"யாரு அது பின்னாடி?"

நான்தான் என்றேன். பின்னால் வராதே, விழுந்துவிடுவாய் என்றார். விழுந்தால் தண்ணீரில்தானே விழுவேன் என்று சொல்லிக்கொண்டே போனை அவர் தலை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். வரப்பு அந்த இடத்தில் லேசாக இடது பக்கம் வளைகிறது. அதனால் அக்காவின் தோளுக்குப் பக்கத்தில் முன்னால் போகிற பதின்மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தெரிந்தார்கள், போகப் போகச் சின்னதாக. நடுவில், மிகப் பெரிதாக, அக்காவின் தலை. கூடையின் அடிப்பாகம், சும்மாடு, நரைத்த கொண்டை, நனைந்த ரவிக்கையின் முதுகு. ஏழெட்டுப் படம் எடுத்தேன். எடுத்துவிட்டுத் திரும்பும்போது விழுந்தேன். முட்டி சிராய்த்து, அதில் உப்புத் தண்ணீர் பட்டது. உயிர் போகிற எரிச்சல். முன்னால் போகிற யாருக்கும் நான் விழுந்தது தெரியவில்லை. அவர் சொன்னது அப்போது எனக்கு முழுசாகப் புரிந்தது.

படத்தை ஏற்றினேன். கம்ப்யூட்டரில் மேலே வானத்தை வெட்டியது, கீழே தண்ணீரை வெட்டியது. அக்கா இருந்தார். போனில் இரண்டு பக்கமும் வெட்டியது. இடது ஓரத்தில் நின்ற கம்பெனியின் பெயர்ப்பலகை போய்விட்டது. அக்கா இருந்தார். எப்படித் திருப்பினாலும் அவரை மட்டும் அந்த மென்பொருளால் வெட்டி எறிய முடியவில்லை. ஆபீஸில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். படத்துக்குக் கீழே அவருடைய முழுப் பெயரை எழுதி, "இவர்தான் எங்கள் மேஸ்திரி. எங்கள் மேஸ்திரி கடைசியில்தான் நடப்பார்" என்று இரண்டே வரி சேர்த்தேன்.

மத்தியானமே அதிகாரி அம்மா போன் செய்தார். படம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முகம் தெரியவில்லையே, கம்பெனி போர்டும் இல்லையே என்றார். முகம் வேண்டுமென்றால் மரக்காணத்துக்கு வந்து பாருங்கள் மேடம், சென்னையிலிருந்து நிறைய பஸ் இருக்கிறது என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். என் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். மேனேஜர் பக்கத்திலிருந்து படத்தை எடுக்கச் சொன்னார். எடுக்க வேண்டுமென்றால் நீங்களே எடுங்கள் சார் என்று நாற்காலியைவிட்டு எழுந்து இடம் கொடுத்தேன். அவருக்கு விக்கியைத் திறக்கவே தெரியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆனால் கமிட்டியில் இருக்கிறவர்கள் என் இரண்டு வரியை நம்ப வேண்டுமே. நான் சும்மா தட்டச்சு செய்கிறவள். அன்று மாலை எடை போடும் அண்ணன் லாரி சீட்டோடு வந்தார். நடந்ததெல்லாம் அவருக்குத் தெரியும். மேனேஜர் மறுக்காமல் விட்டதால் பட்டியலில் தன் பெயர் அப்படியே இருப்பதும் தெரியும். அந்த வேலை கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று அவர் வீட்டில் பேசியிருக்கிறார்கள். அதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். ஆபீஸ் ஆட்கள் எல்லோரையும் போல விக்கியில் அவருக்கும் ஒரு கணக்கு கொடுத்திருந்தார்கள். அவர் அதைத் தொட்டதே இல்லை. அதில் எப்படி எழுதுவது என்று கேட்டார். திறந்து கொடுத்தேன். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, ஒரு விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, கால் மணி நேரம் தட்டினார்.

"முந்தின படத்தில் நடுவில் நின்றது நான். நான் மேஸ்திரி இல்லை. இந்தப் படத்தில் இருப்பவர்தான் மேஸ்திரி."

அனுப்பிவிட்டுத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். எதற்கு அண்ணே, உங்களுக்கு வந்ததை நீங்களே என்று நான் இழுத்தேன். "எனக்கு எடை போடத் தெரியும்மா. இடி வருதா இல்லையான்னு எடை மெசின்ல தெரியாது" என்றார். அன்றைக்கு லாரி சீட்டை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். கண் கலங்கியிருந்தது.

ஆர்டர் வைகாசியில் வந்தது. அக்காவின் பெயர் இருந்தது. ஆறு மாதத்துக்குத் தற்காலிகம், பிறகு பார்த்து முடிவு செய்யப்படும் என்று ஒரு வாலையும் சேர்த்திருந்தார்கள். முழுசாகக் கொடுக்க அவர்களுக்கு மனசு வரவில்லை. ஆனால் வேலையை நிறுத்தும் அதிகாரம் என்ற வரி அப்படியே இருந்தது. அதை மட்டும் அக்காவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். காகிதத்தை வாங்கி நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, வாரப் போகலாம் வாங்கடி என்று கிளம்பிவிட்டார்.

ஹெட் ஆபீஸ் மட்டும் படத்தை விடுவதாக இல்லை. முகம் தெரிகிற ஒழுங்கான படம் வேண்டும் என்று ஆவணியில் சென்னையிலிருந்தே ஒரு போட்டோகிராபரை அனுப்பினார்கள். சாயங்கால வெளிச்சம்தான் அழகு என்று அவர் பெண்களை ஐந்து மணிவரை காக்க வைத்தார். பிறகு எல்லோரையும் அம்பாரத்தின் மேல் ஏற்றி நிறுத்தினார். அன்றைக்குப் பார்த்து மேனேஜர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். செருப்பைக் கீழே விட்டுவிட்டு உப்பின் மேல் ஏறி நடுவில் நின்றார். அக்கா வழக்கம்போல ஓரத்துக்குப் போனார். போட்டோகிராபர் அவரை நடுவுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்தார். நான் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேமராவைக் கண்ணில் வைக்கும்போது கழுவெளிப் பக்கத்திலிருந்து காற்று மாறியது. சில்லென்று வந்தது. பின்னாலேயே ஒரு உருட்டல், தூரத்தில். அக்கா கையைத் தூக்கி, "எறங்குங்க" என்றார். பெண்கள் உடனே இறங்க ஆரம்பித்தார்கள். போட்டோகிராபர் ஒரே ஒரு படம் மேடம், ஒரே ஒரு நிமிஷம் என்று கெஞ்சினார். மேனேஜர் இடத்தைவிட்டு அசையவில்லை. அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் ஆகாது, எல்லாரும் நில்லுங்க, நான் சென்னைக்குப் போன் பண்ணிக் கேட்டுச் சொல்கிறேன் என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். சில பெண்கள் பாதி இறக்கத்தில் நின்று அக்காவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"போனை அப்புறம் பண்ணுங்க சார்" என்றார் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை. "நிறுத்தறது இப்ப என் வேலை. மொதல்ல எறங்குங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்த வரி கடிதத்தில் இருக்கிறது சார் என்றேன். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேனேஜர் இறங்கினார்.